இடது சக்கரக் குழியில் ஒரு கை

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. ஒரு பழைய போர் விமானம் மீண்டும் பறக்கலாமா என்று அறிவதற்காக அதன் இறக்கையின் உட்பகுதியை எக்ஸ்ரே படம் எடுத்தோம்.

2. படம் எடுத்தபோது விமானக் கொட்டகைக்குள் யாரும் இருக்கவில்லை. கதவைப் பூட்டியது நான். பூட்டின் திறப்பு என் பையில் இருந்தது.

3. படத்தில் ஒரு மனிதக் கை இருந்தது.

4. அது யாருடைய கை என்று பின்னர் தெரிந்தது. படம் எடுத்த நேரம் முழுவதும் அவர் வெளியே என் பக்கத்தில் நின்று கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

5. மறு வாரம் அதே இடத்தை வேறு கோணத்தில் எடுத்தோம். கை இருக்கவில்லை. வேறொன்று இருந்தது.

6. பறக்கலாம் என்ற பத்திரத்தில் நான் கையெழுத்து வைக்கவில்லை.

ஓய்வு பெறுபவர்கள் புதிதாகத் தொழிலுக்கு வருபவர்களுக்கு ஏதாவது எழுதித் தர வேண்டும் என்று நம் சங்க மலர்க் குழுவினர் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு இன்னும் முப்பது வயது ஆகவில்லை. ஆனால் இலையுதிர் காலத்தில் குழந்தை பிறக்க இருக்கிறது. அதுவரை எக்ஸ்ரே கருவிக்குக் கிட்டப் போக எனக்கு அனுமதி இல்லை. அதன் பிறகும் திரும்பி வருவதாக இல்லை. விட்பி என்ற ஊரில் வீடு எடுத்திருக்கிறோம்; அங்கே ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன். ஆகவே இதுவும் ஒருவகை ஓய்வுதான்.

பொருளை உடைக்காமல் அதன் உள்ளே பார்க்கும் தொழில் இது. குழாய், பாலம், கொதிகலன், எப்போதாவது ஒரு விமானம். கருவியை இயக்கும் முறையெல்லாம் கையேட்டில் இருக்கிறது, படித்தால் வந்துவிடும். படத்தில் இருக்கக் கூடாத ஒன்று இருந்தால் என்ன செய்வது என்று கையேட்டில் இல்லை. அதைத்தான் எழுத நினைத்தேன்.

எங்கள் வேலைத்தலம் கனடாவில், அஜின்கோர்ட் என்ற பகுதியில், ஒரு மரத்தளபாடக் கடைக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படத்தையும் இரண்டு பேர் தனித்தனியாக வாசிக்க வேண்டும். முதலில் வாசித்தவர் தான் கண்டதை இரண்டாமவருக்குச் சொல்லக் கூடாது. முகத்தாலும் காட்டக் கூடாது. "பார்க்கப் போவதை முன்கூட்டியே சொன்னால் கண் அதைத்தான் பார்க்கும்" என்பது காரணம்.

இரண்டாவதாக வாசிப்பவர் மன்னாரிலிருந்து வந்த ஓர் அண்ணை. பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என்னுடைய சாப்பாட்டுப் பெட்டியை எனக்குத் தெரியாமல் எடுத்து எக்ஸ்ரே படம் பிடித்து, அந்தப் படத்தை என்னிடமே வாசிக்கத் தந்தவர். சிறு சிறு கீறல்களாகத் தெரிந்தவற்றை நான் வெகு கவனமாக அளந்து எழுதிக்கொண்டிருந்தேன். அவர் பின்னால் வந்து நின்று, "பிள்ளை, உது பாரை மீன். நேற்றையான் குழம்பு" என்றார். புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் இந்தப் பகிடியைச் செய்வார். உங்களுக்கும் செய்வார். ஆகவே படத்தில் விசித்திரமாக ஏதாவது தெரிந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது அவரைத்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி விமானம்.

நகரின் வடக்கே ஒரு பழைய கொட்டகையில் சில ஓய்வுபெற்ற ஆட்கள் சேர்ந்து அதைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். இரண்டு எஞ்சின்கள் உள்ள, கடலுக்கு மேலே ரோந்து போகும் விமானம். அமெரிக்காவில் செய்து, இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் பிரிட்டனுக்குக் கொடுக்கப்பட்டது.

கொடுக்கப்பட்ட விதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்போது அமெரிக்கா போரில் இறங்கவில்லை. பிரிட்டனுக்கு விமானம் வேண்டும். அமெரிக்கத் தொழிற்சாலைகளில் விமானம் இருந்தது. ஆனால் போரிடும் நாட்டுக்குப் போகும் விமானத்தை எல்லைக்கு அப்பால் ஓட்டிச் செல்ல அவர்களுடைய சட்டம் விடவில்லை. அதனால் விமானத்தை எல்லை வரை ஓட்டி வந்து, ஒரு வயலில் இறக்கி, எஞ்சினை நிறுத்தினார்கள். பிறகு கயிறு கட்டிக் குதிரைகளாலும் ஆட்களாலும் கனடாவுக்குள் இழுத்தார்கள். இந்தப் பக்கம் வந்ததும் வேறொரு விமானி ஏறி எஞ்சினைக் கிளப்பிக்கொண்டு போவார். விமானம் எல்லையைப் பறந்து கடக்கவில்லை. ஆகவே எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. பின்னர் அந்தச் சட்டத்தையே மாற்றி, கப்பல், விமானம், உணவு எல்லாவற்றையும் இரவலாகவே கொடுத்தார்கள் என்று படித்திருக்கிறேன். இந்த விமானம் அதற்கு முந்தியது, கயிற்றில் வந்தது.

அந்தக் கயிற்றை இழுத்தவர்களில் ஒருவர் வால்டர். அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், அமெரிக்கப் பண்ணையொன்றில் வேலை செய்த இளைஞர். விமானத்தோடு இந்தப் பக்கம் வந்தவர் திரும்பிப் போகவில்லை. போர் முடிந்து ஐம்பது வருடமாகப் போகிறது; இப்போது எழுபதைத் தாண்டியவர். இந்த விமானம் திருத்தப்படுகிறது என்று கேள்விப்பட்டு வந்து, அதன் இலக்கத்தைப் பார்த்து, அதேதான் என்று சொல்லி, அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் கொட்டகைக்கு வந்துகொண்டிருந்தார். தரையைக் கூட்டுவார், கோப்பி போடுவார். விமானத்தை மட்டும் தொடமாட்டார். மற்றவர்கள் இதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்வார்கள்.

அவருக்கு ஒரே ஓர் ஆசை. அந்த எல்லைக்கோட்டை, இழுத்துக் கடந்த அதே விமானத்தில் ஒருதடவை பறந்து கடக்க வேண்டும். அவருடைய கண்களில் பார்வையின் நடுப்பகுதி அழிந்துகொண்டு வந்தது. எதைப் பார்த்தாலும் முகத்தைச் சற்றுத் திருப்பி, ஓரக்கண்ணால்தான் பார்ப்பார். அடுத்த கோடையில் மேலிருந்து பார்த்தால் வயல் எது, வானம் எது என்றே தெரியாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். எனவே இந்தக் கோடையில் பறக்க வேண்டும். பறப்பதற்கு இறக்கையின் உள்ளே வெடிப்பு எதுவும் இல்லை என்று நாங்கள் எழுதித் தர வேண்டும்.

இதை விமானத்தைத் திருத்தும் குழுவின் தலைவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "உன்னுடைய கையெழுத்துக்காகத்தான் அவர் காத்திருக்கிறார்."

நாங்கள் படம் எடுத்தது பெப்ரவரியில், ஒரு ஞாயிறு காலை. பறக்கும்போது சக்கரம் மடிந்து உள்ளே போவதற்கு இறக்கையின் அடியில் ஒரு குழி இருக்கும். இடது சக்கரக் குழிக்குள், சக்கரக்கால் இறக்கையைத் தாங்கும் பிரதான சட்டத்தோடு சேரும் இடத்தில், படத்தாள் வைத்த கறுப்பு உறையை நானே ஒட்டினேன். எட்டிக் கையை உள்ளே விட்டுத்தான் ஒட்ட முடியும். அலுமினியம் குளிரில் கையைக் கடித்தது. பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணினேன். தலைவர், வால்டர், எங்கள் அண்ணை, நான். கதவைப் பூட்டினேன். கதவுக்கடியால் வந்த கம்பியின் முனையில் கட்டுப்பாட்டுப் பெட்டி. அதைத் தட்டிவிட்டுக் காத்திருந்தோம்.

வால்டர் என் பக்கத்தில் நின்றார். அவரோடு பேசியது ஆங்கிலத்தில். இங்கே தமிழில் தருகிறேன்.

"நீ எங்கிருந்து வந்தாய்?"

"யாழ்ப்பாணம். இலங்கையின் வடக்கு."

"அங்கே விமானங்கள் இருந்தனவா?"

"எங்களுக்கு மேலே இருந்தன."

முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். "யாருடையவை?"

"அரசாங்கத்தினுடையவை. வேறு நாடுகள் கொடுத்தவை. கொடுத்த நாடுகள் போரில் இல்லை."

"ஓ," என்றார். "நாங்களும் போரில் இல்லை." பிறகு கோப்பியைக் குடித்தார்.

கோப்பையை இடது கையில் பிடித்திருந்தார். மோதிர விரலின் நுனி, கடைசி மூட்டிலிருந்து, இல்லை. அந்த இடத்தில் தோல் மழமழவென்று மூடியிருந்தது. நான் அதைப் பார்த்ததை அவர் கவனித்தார்.

அன்று மத்தியானம் இருட்டறையில் படங்களைக் கழுவினேன். எல்லாப் படங்களும் சுத்தமாக வந்தன. இடது சக்கரக் குழியின் படத்தை ஒளிப்பெட்டியில் வைத்தேன். சட்டம், ஆணிகள், படத்தை அடையாளம் காண நான் வைத்த ஈய எழுத்துகள், எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. சட்டத்தைச் சுற்றி நான்கு விரல்களும், இந்தப் பக்கம் பெருவிரலும். எலும்புகள். இடது கை. எதையோ விழவிடாமல் பற்றியிருக்கும் கை.

எலும்புகளை ஒருமுறை எண்ணினேன். அதன் பிறகுதான் அண்ணையின் ஞாபகம் வந்தது.

"அண்ணை, இதை வாசியுங்கோ" என்றேன்.

"என்ன பிள்ளை, முகம் வெளிறிக் கிடக்கு?"

"ஒண்டும் கேக்காதேங்கோ. முதல்ல வாசியுங்கோ."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். வழமையாக வாசிக்கும்போது வாய்க்குள் ஏதாவது பாடுவார். பாட்டு நின்றது.

"உது உம்மட பகிடியோ?"

"உங்கட பகிடியெண்டு நான் நினைச்சன்."

"மாதாவாணை இல்லை." நெஞ்சில் சிலுவை போட்டார். பிறகு தொழில்காரராக மாறினார். "ஆரோ உள்ளுக்கை நிண்டிருக்கினம்."

"எண்ணிப்போட்டுத்தானே அண்ணை பூட்டினன். நீங்களும் நிண்டனீங்கள்."

"ஓம், நிண்டனான்." விரலைப் படத்தின் மேல் தொடாமல் பிடித்தார். "ஆனால் விளிம்பைப் பாரும். கத்தியால வெட்டின மாதிரி. சுவிச்சைப் போட்டு நிப்பாட்டுமட்டும் எவ்வளவு நேரம் நிண்டனாங்கள்? மனிசனெண்டால் மூச்சு விடுவான். மூச்சு விட்டால் கை ஆடும். ஆடினால் விளிம்பு மங்கும். இது ஆடேல்லை."

"அப்ப?"

"அப்ப எண்டு என்னைக் கேளாதையும். நான் வாசிக்கிறவன். கண்டதைச் சொல்லிப்போட்டன்."

இப்போது என்ன செய்வது? நான் ஒரு தாளில் எழுதினேன். படத்தாள் பழையதா? பெட்டி அன்றுதான் உடைத்தது; மற்றப் படங்கள் சுத்தம். யாராவது முன்பே அதில் கையை வைத்து எடுத்தார்களா? அப்படியானால் ஈய எழுத்துகளும் ஆணிகளும் கையின் மேலே விழுந்திருக்கும், கை சட்டத்தை இவ்வளவு சரியாகப் பற்றியிருக்காது. கையுறையா? கையுறைக்கு எலும்பு இல்லை. தாளில் எல்லாவற்றையும் வெட்டிய பிறகு ஒன்று மட்டும் மிஞ்சியது: உள்ளே ஒருவர் இருந்தார்.

அது நடக்க முடியாதது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதை உண்மை என்று வைத்துக்கொண்டே அடுத்த வேலையைச் செய்தேன். ஒருவர் உண்மையில் உள்ளே இருந்திருந்தால் ஆபத்தான அளவு கதிர் பட்டிருக்கும். அன்று அங்கே இருந்த எல்லோரும் இரத்தம் பரிசோதிக்க வேண்டும் என்று தொலைபேசியில் சொன்னேன்.

குழுத் தலைவர் முதலில் சிரித்தார், பிறகு கத்தினார். "பூட்டியது நீ! அந்தப் படத்தை எறிந்துவிட்டு இன்னொன்று எடு!"

பழுதான படத்தை எறிந்துவிட்டு இன்னொன்று எடுப்பது நம் தொழிலில் சாதாரணமாக நடக்கிறது. யாரும் குறை சொல்லமாட்டார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

வால்டரை மறுநாள் நானே அவருடைய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இரத்தத்தில் ஒன்றும் இல்லை. மற்றவர்களுக்கும் அப்படியே. போன இடத்தில் அவருடைய டொக்டரிடம் எங்கள் படத்தைக் காட்டினேன். இது எப்படிப்பட்ட ஆளின் கை என்று மட்டும் கேட்டேன். வேறொன்றும் சொல்லவில்லை.

"இளம் ஆண்," என்றார் டொக்டர். "மூட்டுகளில் தேய்வே இல்லை. இருபது வயதுக்கு அங்கே இங்கே." பிறகு படத்துக்குக் கிட்டப் போனார். "சின்ன விரலில் ஒரு பழைய முறிவு. கோணலாகப் பொருந்தியிருக்கிறது. இதை நான் எங்கோ..."

எழுந்து போய் ஒரு பெரிய உறையோடு வந்தார். மூட்டுவாதத்துக்காக முன்னர் எடுத்த வால்டரின் கைப் படம். வால்டரிடம் அனுமதி கேட்டுவிட்டு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சின்ன விரலில் அதே முறிவு, அதே கோணல். அவருடைய படத்தில் மூட்டுகள் தேய்ந்து கரடுமுரடாக இருந்தன. மோதிர விரல் கடைசி மூட்டோடு முடிந்தது. எங்கள் படத்தில் விரல் முழுதாக இருந்தது.

"உன்னுடையது எப்போது எடுத்தது?"

"நேற்று," என்றேன்.

டொக்டர் ஒளிப்பெட்டியை அணைத்துவிட்டார்.

காரில் ஏறியதும் வால்டர் படத்தைக் கேட்டார். கொடுத்தேன். காரின் கண்ணாடியில் வைத்து, முகத்தைத் திருப்பி, ஓரக்கண்ணால் பார்த்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் எலும்புகள் சாம்பல் நிறமாகத் தெரிந்தன.

"கயிறு வழுக்கியது," என்றார். "கோட்டைத் தாண்டுகிற இடத்தில் வயல் கொஞ்சம் சரிவு. குதிரைகள் சறுக்கின. விமானம் பக்கவாட்டில் திரும்பிப் பின்னுக்கு உருளத் தொடங்கியது. எல்லோரும் விலகி ஓடினார்கள். நான் ஓடிப்போய் எட்டின இடத்தில் பிடித்தேன். அந்தக் குழிக்குள். ஒரு மனிதன் பிடித்து அது நிற்காது, தெரியுமா? ஆனால் நின்றது."

நான் காரைக் கிளப்பாமல் இருந்தேன்.

"திரும்ப இழுத்து இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டார்கள். நான் பிடித்தபடியே வந்தேன். 'விடு, வந்துவிட்டது, விடு' என்றார்கள். விட முடியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக அவர்கள்தான் விரித்தார்கள். ஒரு விரல் எங்கேயோ இடுக்கில் மாட்டியிருந்தது. அதை விரிக்க முடியவில்லை."

படத்தை என் மடியில் வைத்தார். "அதனால்தான் நான் அதைத் தொடுவதில்லை. அங்கே கையை வைத்தால் ஏற்கனவே ஒரு கை இருக்குமோ என்று பயம்."

மறு ஞாயிறு மீண்டும் படம் எடுக்கப் போனோம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் ஏதோ பெரிய தொழில்நுட்ப முடிவு எடுத்ததாகச் சில பேர் சொல்லித் திரிகிறார்கள். அதே கோணத்தில் எடுப்பதானால் மறுபடியும் அந்தக் குழிக்குள் கையை விட்டு, அதே இடத்தில் உறையை ஒட்ட வேண்டும்.

"நீங்கள் ஒட்டுங்கோ அண்ணை."

"நானோ? எனக்குத் தோள் வருத்தம்."

"போன கிழமை வருத்தம் இல்லையே?"

"போன கிழமை கையும் இல்லையே, பிள்ளை."

கடைசியில் இருவரும் கையை உள்ளே விடவில்லை. உறையை வெளிப்பக்கத்தில், மறு திசையில் ஒட்டிவிட்டுக் கருவியைச் சாய்த்து வைத்தோம். வெறும் பயம்தான் காரணம். வெளியே போய் ஆட்களை எண்ணினேன். மீண்டும் எண்ணினேன். வால்டரைப் பார்த்து, "இரண்டு கைகளையும் வெளியே வைத்திருங்கள்" என்றேன். சிரிக்காமல் இரண்டையும் நீட்டிக் காட்டினார்.

அந்தப் படத்தில் கை இல்லை. கை பற்றியிருந்த இடத்தில், பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, சட்டத்தின் உள்ளே மயிர் போல ஒரு வெடிப்பு ஓடியது.

வெடிப்பு ஒரு தாளின் விளிம்பு மாதிரி. கதிர் அதன் தளத்தோடு ஒரே கோட்டில் போனால்தான் படத்தில் தெரியும். பழைய கோணத்தில் எத்தனை தடவை எடுத்திருந்தாலும் அது தெரிந்திராது. முதல் படம் கை இல்லாமல் வந்திருந்தால் அதைப் பார்த்துவிட்டு நான் கையெழுத்து வைத்திருப்பேன். இதை இரவில் சில வேளை நினைப்பதுண்டு. இந்த விமானம் பக்கவாட்டில் இழுபடுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. அந்த வயலில் திரும்பியபோதே வெடிப்பு தொடங்கியிருக்கலாம். பிறகும் தொடங்கியிருக்கலாம். படம் அதைச் சொல்லாது.

அண்ணையும் தனியாக வாசித்தார். வாசித்துவிட்டு வந்து, "பறக்க ஏலாது" என்று மட்டும் சொன்னார்.

கொட்டகையில் எல்லோரும் இருக்கையில் சொன்னேன். தலைவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போர் முழுக்க இதோடேயே பறந்திருக்கிறதே?"

"இருக்கலாம்."

"அப்படியென்றால் இன்னும் ஒருமுறை பறக்கும். வேறு பாகம் செய்விக்க எவ்வளவு காலம் எடுக்கும் தெரியுமா? இந்தக் கோடை போய்விடும். வால்டருக்கு வேறு கோடை இல்லை."

எனக்கு அது தெரியும். அதைத் தெரிந்துகொண்டுதான் அங்கே நின்றேன். வால்டர் கிட்ட வந்தார்.

"எந்த இடத்தில்?"

முதல் படத்தின் மேல் இரண்டாவதை வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். வெடிப்பு கைப்பிடிக்குள் அடங்கியது. முகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"அது விடவில்லை," என்றார். "இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது."

கூரையில் பனி சறுக்கி விழும் சத்தம் கேட்டது.

"இவ்வளவு காலம் பிடித்தது," என்றார் வால்டர். என்னிடம்தான் பேசினார், கெஞ்சுகிற குரல் இல்லை, மிகவும் நிதானமாக. "இன்னும் ஒரு மணித்தியாலம் பிடிக்கும். எனக்கு அந்தக் கையைத் தெரியும். கையெழுத்து வை."

புதிதாக வருபவர்களே, நீங்கள் கேட்கக்கூடிய எல்லா வற்புறுத்தல்களிலும் மிகக் கடினமானது இப்படித்தான் வரும். சத்தம் போடுகிறவரிடம் மறுப்பது சுலபம். இவர் பொய் சொல்லவில்லை. நானும் அந்தக் கையைப் பார்த்தவள். அந்த நேரத்தில் அவர் சொன்னதை நான் நம்பினேன் என்றுகூடச் சொல்வேன்.

"வால்டர், அது பிடிக்கும் என்று நான் எழுத முடியாது. பார்த்ததைத்தான் எழுதலாம். வெடிப்பைப் பார்த்தேன்."

"கையையும் பார்த்தாய்."

"ஓம். அதையும் எழுதியிருக்கிறேன்."

உண்மை. என் அறிக்கையில் இருக்கிறது: முதல் படத்தில் மனிதக் கையை ஒத்த உருவம், காரணம் தெரியவில்லை. இரண்டாம் படத்தில் பிரதான சட்டத்தில் வெடிப்பு, பறக்கத் தகுதியில்லை. தலைவர் முதல் வரியை வெட்டச் சொன்னார். நான் வெட்டவில்லை. அண்ணையும் கீழே கையெழுத்திட்டார்.

வால்டர் கோப்பையை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். அடுத்த ஞாயிறு அவர் வரமாட்டார் என்று நினைத்தோம். வந்தார். ஒரு முக்காலியை இழுத்துக்கொண்டுபோய் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, இத்தனை காலமும் தொடாத விமானத்தில் இடது கையை வைத்தார். குழியின் விளிம்பில். நான் கருவிகளைக் கட்டிக்கொண்டிருந்தேன். போய் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மாறிப் பிடிக்கிறேன்," என்றார். "அந்தக் கைக்கும் களைக்காதா?"

இப்போதைய நிலை இதுதான். விமானம் பறக்கவில்லை. கோடை முடிந்துகொண்டிருக்கிறது. வால்டருக்கு முன்னால் நிற்பவரின் முகம் இப்போது தெரிவதில்லை. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிறார். ஞாயிறுதோறும் வந்து அதே முக்காலியில் இருக்கிறார். புதிய பாகம் செய்து வந்துவிட்டது. ஒரு பெட்டியில் கிடக்கிறது. பழையதைக் கழற்ற இன்னும் ஆள் கிடைக்கவில்லை. யாரைக் கேட்டாலும் அந்த வாரம் வேறு வேலை இருக்கிறது. முதல் படம் எங்கள் வேலைத்தலத்தில், படங்கள் வைக்கும் அலுமாரியில், அதற்குரிய உறையில் இருக்கிறது. தேவையான காலம் முடிந்ததும் எறியலாம் என்று விதி. எறிய வேண்டாம் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.

பழைய பாகத்தை என்றாவது ஒருநாள் கழற்றுவார்கள். புதியதைப் போட்ட பிறகு அந்தக் குழியை மீண்டும் படம் எடுக்க வேண்டும், இரண்டு கோணத்திலும். அதற்கு உறையை உள்ளே ஒட்ட வேண்டும். நான் இருக்கமாட்டேன். அண்ணைக்குத் தோள் வருத்தம். உங்களில் ஒருவர்தான் உள்ளே கையை விடுவீர்கள்.